சிதைந்த கண்ணை எடுத்துவிட்டால் பயோனிக் கண்ணுக்கு வழி அடைபடுமா?

உங்கள் மச்சான் ராணுவத்தில் இருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் கண்ணிவெடி வெடித்ததில் வலது கண் சிதைந்துவிட்டது; அதை எடுத்துவிடுவது நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள். இடது கண்ணைத் தைத்திருக்கிறார்கள், ஆனால் அதில் வெளிச்சம் தெரிகிறதா இல்லையா என்று அவருக்கே நிச்சயமில்லை. காயம்பட்ட வீரர்களுக்குப் பயோனிக் கண் வருகிறது என்று யாரோ வீடியோ காட்டியிருக்கிறார்கள். எப்போது வரும், எவ்வளவு ஆகும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒற்றை வரியாக "அதுவரைக்கும் அந்தக் கண்ணை எடுக்காமல் வைத்திருக்கச் சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் கேள்வி. பயோனிக் கண்ணுக்காக வைத்திருக்க வேண்டியதில்லை என்பது என் பதில். சிதைந்த வலது கண்ணை எடுப்பதால் பின்னாளில் வரக்கூடிய எந்தக் கருவியையும் அவர் இழக்கப்போவதில்லை. இதைத் தயக்கமில்லாமல் சொல்லலாம். இடது கண்ணைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நேரில் பார்க்காமல் யாராலும் முடியாது. அதனால் இரண்டு கண்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுகிறேன்.

பயோனிக் கண் என்றதும் கண்குழிக்குள் கேமரா உருண்டை ஒன்றைப் பொருத்துவது போலத்தான் படம் போடுகிறார்கள். ஆனால் மனிதருக்குப் பொருத்திச் சோதித்த முக்கியமான கருவிகள் எதுவும் அப்படி இல்லை. பெரும்பாலும் கேமரா மூக்குக்கண்ணாடியில் இருக்கும், இடுப்பில் ஒரு சிறு கணினி தொங்கும், உடலுக்குள் போவது மின்முனைகள் பதித்த ஒரு சிப் மட்டும். அந்தச் சிப்பை எங்கே வைக்கிறார்கள் என்பதுதான் விஷயமே. ஒளி கருவிழி, லென்ஸ் வழியாகப் போய் விழித்திரையில் விழுகிறது. விழித்திரை அதை மின்துடிப்பாக்குகிறது. சுமார் 12 லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோகிறது. நடுமூளைப் பக்கம் ஓர் இடைநிலையம் தாண்டி, பின்மண்டையை ஒட்டியுள்ள மூளைப் பகுதியில் அது காட்சியாகிறது. சிப் எந்த இடத்தில் உட்காருகிறதோ, அங்கிருந்து மூளை வரைக்குமான தடம் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இருப்பது கெட்டுப்போயிருந்தால் பாதகமில்லை.

செய்திகளில் வந்த கருவிகளில் பெரும்பாலானவை விழித்திரைச் சிப்கள். அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் செய்த ஆர்கஸ் 2 அவற்றில் பேர்பெற்றது: 60 மின்முனைகள், ஐரோப்பாவில் 2011-லும் அமெரிக்காவில் 2013-லும் அனுமதி, கருவியின் விலை மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் டாலர். ஜெர்மனியின் ஆல்ஃபா சிப் 1,500 ஒளியுணரிகளை விழித்திரைக்கு அடியில் வைத்தது. இப்போது பேசப்படும் பிரைமா 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் அளவுள்ள, 378 புள்ளிகள் கொண்ட கம்பியில்லாத சிப். கண்ணாடியிலிருந்து அகச்சிவப்பு ஒளி அதன்மேல் விழுகிறது. 2025 அக்டோபரில் வெளியான ஆய்வில் ஓராண்டு முடித்த 32 பேரில் 26 பேருக்கு எழுத்துப் பலகையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. அந்த 32 பேரும் வயதால் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோனவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஆர்கஸ் பொருத்திக்கொண்டவர்கள் பரம்பரை விழித்திரைச் சிதைவு நோயாளிகள். இருவகையினருக்கும் ஒளியை உணரும் செல்கள்தான் செத்திருந்தன. விழித்திரையின் உள் அடுக்கும் பார்வை நரம்பும் முழுசாக இருந்தன.

குண்டுவெடிப்புக் காயம் நேர் எதிர்ச் சாதி. வெடிப்பின் அழுத்த அலையும் சிதறலும் கண் உருண்டையைப் பிளக்கின்றன; விழித்திரை கழன்று சுருள்கிறது, சில சமயம் கிழிந்த வாய் வழியாக வெளியே வந்துவிடுகிறது. பார்வை நரம்பு நசுங்கும், அல்லது கண்ணின் பின்புறம் ஒட்டியிருக்கும் இடத்திலேயே பிய்ந்துவிடும். பிய்ந்த பார்வை நரம்பு திரும்ப வளராது. இன்றைய மருத்துவத்தில் அதை ஒட்டுகிற வழியும் கிடையாது. கையிலோ காலிலோ நரம்பு அறுந்தால் தைக்கிறார்களே என்று கேட்பார்கள். அந்த நரம்புகள் வேறு இனம். பார்வை நரம்பு மூளையின் நீட்சி. எனவே வலது கண்ணை அப்படியே பத்து வருஷம் வைத்திருந்தாலும் விழித்திரைச் சிப் ஒன்றை அதில் வைக்க இடமிருக்காது. 2023 மே மாதம் நியூயார்க்கில் முன்னாள் படைவீரர் ஒருவருக்கு முகத்தின் ஒரு பகுதியோடு முழுக் கண்ணையே மாற்றிப் பொருத்தினார்கள் (அவருடைய காயம் போரில் ஏற்பட்டதல்ல, உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தது). அந்தக் கண்ணில் ரத்தம் ஓடியது, உருண்டை சுருங்காமல் நின்றது. பார்வை வரவில்லை. காரணம் இதே நரம்புதான்.

ஆகவே இரண்டு கண்ணும் நரம்போடு போன ஒரு வீரருக்குக் கொள்கையளவில் பொருந்துகிற ஒரே பயோனிக் கண், கண்ணைத் தொடவே தொடாத ஒன்று. மின்முனைகள் நேராகப் பின்மண்டை மூளையில் வைக்கப்படுகின்றன. கண் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. வலது கண்ணை எடுக்கலாம் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

இந்தத் துறைக்கும் போர்க்காயத்துக்கும் பழைய உறவு உண்டு. 1904–05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் ரஷ்யத் துப்பாக்கியின் சிறிய, வேகமான தோட்டாக்கள் வீரர்களின் பின்மண்டையில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறின, பலர் பிழைத்தும்கொண்டார்கள். அவர்களுக்கு உதவித்தொகை நிர்ணயிக்கப் பார்வையிழப்பை அளக்கும் வேலை தட்சுஜி இனோயே என்ற கண் மருத்துவருக்கு வந்தது. தோட்டா போன நேர்கோட்டையும் பார்வைப் புலத்தில் விழுந்த ஓட்டையையும் ஒப்பிட்டு, மூளையின் எந்த இடம் பார்வையின் எந்தப் பகுதியைக் கவனிக்கிறது என்று 1909-ல் வரைபடம் வெளியிட்டார். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் மருத்துவர் கோர்டன் ஹோம்ஸ் அதை இன்னும் துல்லியமாக்கினார். 1918-ல் லோவென்ஸ்டைன், போர்ஷார்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர்கள், குண்டடிபட்ட ஒருவருக்கு எலும்புத் துண்டுகளை எடுக்கும்போது பின்மூளையில் மின்சாரம் கொடுத்தார்கள். அவர் மினுமினுப்பைப் பார்த்ததாகச் சொன்னார். இன்று மின்முனையை எங்கே வைப்பது என்று அறுவை மருத்துவர் திட்டமிடும்போது அவருக்கு முன்னால் இருப்பது அந்த வரைபடத்தின் வழிவந்ததுதான்.

மூளையில் ஒரு புள்ளியைத் தூண்டினால் தெரிவது ஒரு பொறி. இருட்டில் மின்மினி போல. கேமரா பார்த்த உருவத்தை அத்தகைய பொறிகளால் புள்ளிக்கோலம் போட்டுக் காட்டுவதுதான் கருவியின் வேலை. ஓரியன் என்ற கருவியை 2018-லிருந்து அமெரிக்காவில் ஆறு பேருக்கு வைத்துச் சோதித்தார்கள். 60 மின்முனைகள், மூளையின் இரண்டு பாதிகளுக்கு இடையிலுள்ள உள்முகத்தில். ஸ்பெயினின் எல்ச்சே நகரில் 4 மில்லிமீட்டர் சதுரத்தில் ஊசி ஊசியாக 96 மின்முனைகள் கொண்ட தகட்டை ஒருவரின் மூளையில் ஆறு மாதம் வைத்து எடுத்தார்கள்; 2021-ல் வெளியான முடிவின்படி அவர் எளிய வடிவங்களையும் சில எழுத்துகளையும் அடையாளம் கண்டார். சிகாகோவில் 2022-ல் கம்பியில்லாத 25 சிறு தூண்டிகள், மொத்தம் 400 மின்முனைகள், ஒருவருக்குப் பொருத்தப்பட்டன. மெல்போர்னின் மொனாஷ் குழுவின் கருவி 2020 வாக்கில் செம்மறியாடுகளில் சோதிக்கப்பட்டது. நியூராலிங்க் நிறுவனத்தின் பிளைண்ட்சைட்டுக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் 'பிரேக்த்ரூ' தகுதி கொடுத்தது. வீடியோக்கள் இதை 'அனுமதி' என்று சொல்கின்றன, அது தவறு. விண்ணப்பத்தை விரைவாகப் பார்ப்போம் என்பதற்கு மேல் அந்தத் தகுதிக்கு அர்த்தமில்லை. கடையில் வாங்கவோ மருத்துவமனையில் கேட்டு வாங்கவோ கூடிய மூளைவழிப் பயோனிக் கண் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஆராய்ச்சி. அதனால் 'எவ்வளவு ஆகும்' என்ற கேள்விக்கு விலையே கிடையாது. யாராவது விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உண்மையான ஆராய்ச்சியில் சேருகிறவரிடம் கருவிக்குப் பணம் கேட்க மாட்டார்கள்.

படைவீரர் என்ற சொல் இந்தக் கதைக்குள் எப்படி வந்தது என்றால், அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமையான தார்ப்பா 2016-ல் மூளையோடு பேசும் கருவிகளுக்கு ஒரு பெருந்திட்டம் அறிவித்தது. பார்வை மீட்பும் அதில் ஒரு பகுதி. 2019-ல் அமெரிக்க ராணுவ ஆய்வுக்குழு ஒன்று 2050-ல் வீரனின் உடல் எப்படியெல்லாம் மாறலாம் என்று ஓர் அறிக்கை எழுதியது. கண்ணை மேம்படுத்துவது அதில் முதல் வரிசையில் இருந்தது. காயத்தால் கண் இழந்தவர்கள்தான் முதலில் ஏற்பார்கள் என்ற ஊகமும் அதோடு வந்தது. அது ஊகம், உற்பத்தித் திட்டம் அல்ல. இருட்டில் பார்க்கும், தூரத்தை இழுத்துக்காட்டும் கண் என்று வீடியோவில் வருவதெல்லாம் அந்தத் தாள்களிலிருந்து கிளம்பிய கற்பனை.

காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி வைத்துப் பேச்சு வருகிறதே, கண்ணுக்கு மட்டும் ஏன் இழுபறி என்ற கேள்வியும் நியாயமானது. காக்ளியர் கருவியில் மின்முனைகள் சுமார் 12-லிருந்து 22 வரைதான் இருக்கும். பேச்சு என்பது நேரத்தில் நீளும் சமிக்ஞை. கொஞ்சம் வாய்க்கால்கள் இருந்தால் போதும், மூளை மிச்சத்தைக் கோத்துக்கொள்கிறது. பார்வை ஒரே கணத்தில் பரப்பாக வருவது. 60 புள்ளியில் ஒரு கதவு தெரியும், முகம் தெரியாது. ஆர்கஸ் வைத்தவர்களில் மிகச் சிறந்த அளவு 20/1260. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கண் பரிசோதனைப் பலகையின் உச்சியிலுள்ள பெரிய எழுத்தை நல்ல கண் 60 மீட்டரிலிருந்து படிக்கும். இவருக்கு அது ஒரு மீட்டருக்குள் வர வேண்டும். மின்முனையைக் கூட்டிக்கொண்டே போனால் தீராதா? முழுசாகத் தீராது. மூளையின் மேற்பரப்பில் வைக்கும் மின்முனைக்கு மில்லிஆம்பியர் கணக்கில் மின்சாரம் வேண்டும். பக்கத்துப் பக்கத்து மின்முனைகளின் மின்சாரம் கலந்து, இரண்டு பொறிகள் ஒரு திட்டாகிவிடும். உள்ளே குத்தும் ஊசி மின்முனைக்குப் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு, அதாவது சில பத்து மைக்ரோஆம்பியர், போதும். பொறியும் சிறியதாக இருக்கும். ஆனால் ஊசியைச் சுற்றி மூளை தழும்பு கட்டுகிறது. மாதங்கள் போகப் போகத் தூண்டத் தேவையான மின்சாரம் ஏறலாம், சில ஊசிகள் ஊமையாகலாம்.

இன்னொரு சிக்கலை வீடியோக்கள் சொல்வதே இல்லை. பொறி எந்தத் திசையில் தெரிகிறது என்பதை மூளை கண் திரும்பியிருக்கும் திசையை வைத்துக் கணக்கிடுகிறது. கேமரா நெற்றியில் அசையாமல் இருக்க, கண் இடப்பக்கம் திரும்பினால், எதிரே இருக்கும் டம்ளர் இடப்பக்கம் இருப்பதாகத் தோன்றும். கை காற்றைப் பிடிக்கும். ஆர்கஸ் பயனாளிகளுக்குக் கண்ணை அசைக்காமல் தலையைத் திருப்பிப் பார்க்கும்படி பயிற்சி தந்தார்கள். கண் அசைவைக் கண்காணித்துக் கேமராப் படத்தை அதற்கேற்ப நகர்த்தும் வழி பரிசோதனையில் இருக்கிறது. இரண்டு கண்ணும் எடுக்கப்பட்டவரிடம் எதைக் கண்காணிப்பது? பொய்க்கண்ணின் அசைவு மெய்க்கண்ணின் அசைவில் ஒரு பங்குதான். இதற்கு இன்னும் திருப்தியான தீர்வு வரவில்லை.

வெடிப்பில் சிக்கியவருக்கு இன்னும் இரண்டு தடை உண்டு. மூளையைத் தூண்டினால் வலிப்பு வரும் அபாயம் யாருக்கும் உண்டு. வெடிப்பில் மூளையும் குலுங்கியவருக்கு அது கூடுதல், அதனால் ஆரம்ப ஆய்வுகள் அப்படிப்பட்டவர்களை விலக்கிவைக்கவே விரும்பும். அடுத்தது, பின்மண்டையிலேயே சிதறல் பாய்ந்திருந்தால் மின்முனை வைக்க வேண்டிய இடமே பழுது. ஒருவேளை ஆய்வில் இடம் கிடைத்தாலும், நிறுவனம் மூடினால் யார் பார்த்துக்கொள்வார்கள், மின்முனையை எடுக்கும் செலவு யாருடையது என்று எழுத்தில் கேட்க வேண்டும். செகண்ட் சைட் 2019-ல் ஆர்கஸைக் கைவிட்டது, 2020-ல் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பியது. கண்ணுக்குள் சிப்போடு உலகெங்கும் இருந்த 350-க்கு மேற்பட்டவர்கள் பழுதுபார்க்க ஆளில்லாமல் நின்றார்கள். ஆல்ஃபா சிப் செய்த ஜெர்மன் நிறுவனமும் 2019-ல் மூடப்பட்டது.

சரி, இடது கண்ணுக்கு வருகிறேன். உண்மையில் உங்கள் குடும்பத்தின் முழுக் கவனமும் இங்கேதான் இருக்க வேண்டும். வெளிச்சம் துளி தெரிகிறதா, அறவே தெரியவில்லையா என்பது சின்ன வித்தியாசம் போலத் தோன்றும்; கண் காயத்தில் அதைவிடப் பெரிய வித்தியாசம் கிடையாது. கண் காயத்தை மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. காயம்பட்டு முதலில் பரிசோதித்தபோது வெளிச்சம் அறவே இல்லை என்றால் 60-ல் தொடங்குவார்கள். வெளிச்சமோ கையசைவோ தெரிந்தால் 70. கண் பிளந்திருந்தால் 23 கழிப்பார்கள், சீழ்பிடித்தால் 17, ஊடுருவி மறுபக்கம் போயிருந்தால் 14, விழித்திரை கழன்றிருந்தால் 11, வெளிச்சத்துக்குச் சுருங்கும் கண் பாப்பாவின் எதிர்வினையில் நரம்புப் பழுது தெரிந்தால் 10. பிளவு மட்டும் உள்ள கண்ணில் வெளிச்சமில்லாதவர் 37, வெளிச்சம் தெரிந்தவர் 47. அந்தப் பத்து மதிப்பெண்ணில் வகையே மாறிவிடுகிறது: 44 வரை உள்ளவர்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேருக்கு வெளிச்சம்கூட மிஞ்சுவதில்லை, 45-லிருந்து 65 வரை உள்ளவர்களில் அந்த நிலைக்குப் போகிறவர்கள் 28 சதவீதம்தான். இது கூட்டத்துக்கான கணக்கு, உங்கள் மச்சானுக்கான ஜாதகம் அல்ல. இருந்தாலும் முதல் நாள் பதிவு ஏன் முக்கியம் என்று இதிலிருந்து புரியும்.

வீட்டில் ஃபோன் டார்ச்சை அடித்துப் பார்த்திருப்பீர்கள். அதை நம்ப வேண்டாம். பொத்தானின் சத்தம், கை அருகே வரும் சூடு, பக்கத்தில் நிற்பவரின் மூச்சு எல்லாம் விடை சொல்லிவிடும். ஃபோன் வெளிச்சம் ரத்தம் நிறைந்த கண்ணுக்குள் ஊடுருவவும் செய்யாது. சரியான முறை: இருட்டறை, மருத்துவர் தலையில் மாட்டும் பரிசோதனை விளக்கு முழு வெளிச்சத்தில், வலப்பக்கத்தைக் கையால் நன்றாக மூடி, ஓசையில்லாமல் பத்துப் பன்னிரண்டு தடவை போட்டும் போடாமலும் கேட்பது. தெரிகிறது என்றால் நான்கு திசையிலிருந்தும் அடித்து எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். பாப்பா சுருங்கினால் நரம்பு கடத்துகிறது என்று பொருள். சுருங்காவிட்டால் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம், பாப்பாவின் தசையே கிழிந்திருக்கலாம். உள்ளே ரத்தம் மறைத்தால், தையல் உறுதியான பிறகு பி-ஸ்கேன் (ஒலியலைப் படம்) எடுத்து விழித்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நரம்புக்கும் சிதறலுக்கும் 1 மில்லிமீட்டர் துண்டுகளாகக் கண்குழி சி.டி. ஸ்கேன். சிதறல் உள்ளே இல்லை என்று சி.டி. சொல்லும் வரை எம்.ஆர்.ஐ. கூடாது, இரும்புத் துணுக்கு நகர்ந்தால் மிச்சமிருப்பதும் போகும். பின்மண்டையில் மின்முனை ஒட்டி, ஒளிவீச்சுக்கு மூளை பதில் தருகிறதா என்று பார்க்கும் வி.இ.பி. சோதனையும் உண்டு. அலை வந்தால் தடம் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால், ரத்தம் கரைந்தபின் இன்னொரு முறை செய்யாமல் தீர்ப்பு எழுதக்கூடாது. விழித்திரை அறுவையில் கைதேர்ந்த இன்னொருவரின் கருத்தை இந்த வாரமே கேளுங்கள். கழன்ற விழித்திரைக்குள் தழும்பு இறுகத் தொடங்கினால் ஒட்டவைப்பது வாரத்துக்கு வாரம் கடினமாகும்.

வலது கண்ணை எடுக்கச் சொல்வதற்கு வலி, தொற்று தவிர இன்னொரு காரணமும் இருக்கலாம். கிழிந்த கண்ணின் உள்திசு வெளியே தெரிந்ததால், உடலின் எதிர்ப்புச் சக்தி அதே திசுவைக் கொண்ட மறு கண்ணையும் தாக்கும் அபூர்வ நோய் ஒன்று உண்டு. இருநூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும். அதைத் தடுக்கத்தான் 14 நாளுக்குள் எடுக்க வேண்டும் என்ற பழைய விதி. நாள் கடந்துவிட்டதே என்று பதற வேண்டாம்; அந்த விதிக்கான ஆதாரம் அவ்வளவு வலுவானதல்ல. ஆனால் வெளிச்சமில்லாத, தைக்க முடியாத கண்ணை வைத்துக்கொண்டு, வெளிச்சம் தெரிய வாய்ப்புள்ள இடது கண்ணைப் பணயம் வைப்பது கணக்குக்கு ஒத்துவராது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், குறிப்பாக முதல் ஒரு வருஷம், அதற்குப் பிறகும்கூட, இடது கண்ணில் புதிதாகச் சிவப்பு, வலி, கூச்சம் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். ஸ்டீராய்டு ஆரம்பத்தில் நன்றாகக் கேட்கும்.

எடுப்பதில் இரண்டு விதம் உண்டு. வெள்ளை ஓட்டை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் வழித்தெடுப்பது ஒன்று. நரம்பை வெட்டி முழு உருண்டையையும் எடுப்பது மற்றது. ஓடு கந்தலாகியிருந்தால் இரண்டாவதுதான். எதுவானாலும் அதே அறுவையில் 18-லிருந்து 22 மில்லிமீட்டர் வரை உள்ள உருண்டை ஒன்றை உள்ளே வைத்து, கண் தசைகளை அதோடு இணைக்கச் சாத்தியமா என்று கேளுங்கள். சிறிய உருண்டை வைத்தாலோ வைக்காமலே விட்டாலோ மேல் இமை குழிந்துபோகும். முடிந்ததும் இமைக்கு அடியில் சங்கு ஓடு போன்ற பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைப்பார்கள். அது நழுவி விழுந்தால் அலட்சியமாக விடாதீர்கள். சில நாளிலேயே குழி சுருங்கி, பிறகு பொய்க்கண் நிற்காது. கழுவி, அன்றே திரும்ப வைக்கச் சொல்லுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து, குழியை அச்செடுத்து, மறு கண்ணைப் பார்த்து நிறம் தீட்டிய அக்ரிலிக் கண் செய்வார்கள். ஆயத்தமாகக் கிடைக்கும் பொதுக்கண்ணை வாங்க வேண்டாம். இடைவெளியில் நீர் தேங்கி எந்நேரமும் பீளை தள்ளும். வருஷத்துக்கு ஒருமுறை மெருகேற்ற வேண்டும், சுமார் ஐந்து வருஷத்தில் மாற்ற வேண்டும். தினமும் கழற்றிக் கழற்றிக் கழுவுவதும் தவறு, உறுத்தலே அதனால்தான் கூடும். இந்த அக்ரிலிக் கண்ணும் போர் தந்ததுதான்: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் கண்ணாடிக் கண்கள் வருவது நின்றபோது, அமெரிக்க ராணுவப் பல் மருத்துவர்கள் பொய்ப்பல் செய்யும் பொருளில் கண் செய்தார்கள்.

இடது கண்ணில் நரம்பும் விழித்திரையும் நன்றாக இருந்து, கருவிழி மட்டும் வெந்து வெளுத்திருப்பதாகத் தெரிந்தால் நிலைமை வேறு. அப்போது மெய்யான பார்வை தரும் செயற்கை உறுப்பு இன்றைக்கே உண்டு. சாதாரணக் கருவிழி மாற்று பிடிக்காத கண்ணுக்கு, நோயாளியின் கோரைப்பல்லை வேரோடு எடுத்து, செதுக்கி, அதில் ஒளி போகும் பிளாஸ்டிக் உருளையைப் பதித்து, சில மாதம் உடலுக்குள் தோலடியில் வளரவிட்டு, பிறகு கண்ணில் பொருத்துகிறார்கள். சென்னை சங்கர நேத்ராலயாவில் இது செய்யப்படுகிறது. கேட்க விசித்திரமாக இருக்கும், பார்க்கவும் அழகாக இராது. ஆனால் பின்புறம் நன்றாக இருக்கும் கண்ணில் எழுத்துப் படிக்கும் பார்வை கிடைக்கிறது. எந்தப் பயோனிக் சிப்பும் இதன் பக்கத்தில் வராது.

இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை என்றே முடிவானாலும் காத்திருக்கக் கூடாத வேலை ஒன்று உண்டு: வெள்ளைக்கோல் பிடித்து நடக்கும் பயிற்சி. பயோனிக் கண் வந்தபின் கற்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். சிப் வைத்தவர்களும் வெள்ளைக்கோல் பிடித்துத்தான் நடக்கிறார்கள். கோலின் உயரம் நெஞ்செலும்பு வரை இருக்க வேண்டும், வீச்சு தோளகலத்தைவிடச் சற்றே கூட. இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல் கதவையும் லாரியின் பின்பலகையையும் கோல் கண்டுபிடிக்காது; அதற்கு டெல்லி ஐ.ஐ.டி. உருவாக்கிய ஸ்மார்ட்கேன் கைப்பிடி சுமார் 3 மீட்டருக்குள் அதிர்ந்து சொல்லும். கேமராப் படத்தை நாக்கின்மேல் மின்குறுகுறுப்பாகத் தரும் பிரைன்போர்ட் என்ற கருவி 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அறுவை வேண்டாம், ஈராக்கில் கண்ணிழந்த பிரிட்டிஷ் வீரர் ஒருவரும் அதைச் சோதித்திருக்கிறார். பயன் ஆளுக்கு ஆள் மாறும், விலையும் கூடுதல். முதலில் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்களான ஃபோனின் டாக்பேக்கையும் கணினியின் என்விடிஏவையும் கைவசப்படுத்தட்டும். டேராடூனிலுள்ள தேசியப் பார்வைக்குறைபாட்டு நிறுவனம் 1943-ல் உலகப் போரில் கண்ணிழந்த இந்திய வீரர்களுக்கான விடுதியாகத் தொடங்கியதுதான். பூந்தமல்லியில் அதன் மண்டல மையம் இருக்கிறது.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் மூன்று தாள்களின் நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள். முதல் பரிசோதனையில் இரண்டு கண்ணிலும் பார்வை எவ்வளவு என்று எழுதிய தாள், அறுவைக் குறிப்பு, சி.டி. ஸ்கேன் படங்கள் கொண்ட குறுவட்டு. அறுவைக் குறிப்பில் இடது கண்ணின் கிழிசல் கருவிழியோடு நின்றதா, வெள்ளை ஓட்டில் எவ்வளவு பின்னால் போனது, பார்வை நரம்பு ஒட்டியிருந்ததா என்ற வரிகளைத் தேடுங்கள். இல்லாவிட்டால் அறுவை செய்தவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். அவர் இடமாற்றலில் போய்விட்டால் அந்தக் கண்ணைத் திறந்து பார்த்த ஒரே ஆள் போனமாதிரி.